வீட்டில் வளர்ந்த கற்பூரவல்லியை மருந்துக்கும் சமையலுக்கும் எப்படிப் பயன்படுத்துவது?

தொட்டியில் கற்பூரவல்லி மண்டிவிட்டது, சளிக்குக் கஷாயம் வைப்பதைத் தவிர வேறு எதற்கு உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துச் செடி என்று ஒதுக்கி வைக்காமல், கறிவேப்பிலையைப் போல அன்றாடச் சமையலுக்கும் கிள்ள வேண்டிய இலை இது என்பது என் உறுதியான கருத்து.

ஓமவல்லி என்றும் அழைக்கப்படும் இச்செடி துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால், தைமால் போன்ற பொருள்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை என்பதால், இலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் அடுப்படியில் பரவிவிடும், பாத்திரத்தில் மிஞ்சாது. எனவே கஷாயத்துக்கு, தட்டிய மிளகையும் இஞ்சியையும் முதலில் கொதிக்கவிட்டு, ஐந்தாறு இலைகளைக் கடைசியில் கிள்ளிப் போட்டு, அடுப்பை அணைத்து மூடி வைத்து, சில நிமிடங்கள் கழித்து வடிகட்டிப் பனங்கற்கண்டு சேர்த்துக் குடியுங்கள். தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் மூச்சுத் திணறலோ விடாத காய்ச்சலோ இருந்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இலைச்சாற்றில் தேன் கலந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு என்றாலும், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

சமையலில் பலரும் அறிந்தது பஜ்ஜிதான். கழுவிய இலையைத் துணியால் நன்கு ஒற்றி எடுத்துவிட்டு மாவில் தோயுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிப்பதோடு மாவும் வழுக்கிவிடும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது துவையல். உளுத்தம்பருப்பையும் காய்ந்த மிளகாயையும் நல்லெண்ணெயில் சிவக்க வறுத்தெடுத்த பின், அதே சூட்டில் ஒரு கைப்பிடி இலையைப் போட்டு வதக்க வேண்டும். விறைப்பாக நின்ற இலை நீர்விட்டுத் துவண்டு, வெளிர்பச்சை மங்கிப் பாதியாகச் சுருங்கும்போது பச்சை நெடி அடங்கியிருக்கும். அந்தப் பதத்தில் இறக்கி, புளி, தேங்காய், உப்புடன் அரைத்தால் சூடான சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். தேங்காயைக் குறைத்துவிடாதீர்கள், இலையின் காரத்தைத் தணிப்பது அதுதான். கர்நாடகத்தில் இதே இலையை நெய்யில் வதக்கி, சீரகம், தேங்காயுடன் அரைத்து மோரில் கலந்து தம்புளி செய்கிறார்கள். வெயில் காலத்துக்கு மிகவும் ஏற்றது. ரசத்துக்கு, இறக்கும்போது இரண்டு இலை போதும். மிகுந்தால் புளியின் சுவையையே அமுக்கிவிடும்.

சதைப்பற்றுள்ள இலை என்பதால் காயவைத்துச் சேமிப்பது கடினம். அவ்வப்போது பறிப்பதே நல்லது. இலையை மட்டும் உருவாமல் நுனித்தண்டோடு கிள்ளினால் பக்கக்கிளைகள் வெடித்துச் செடி அடர்த்தியாகும். கிள்ளிய தண்டை ஈரமண்ணில் ஊன்றினால் எளிதில் வேர்விடும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள், தேங்கினால் தண்டு அழுகிவிடும்.