கோடையில் கண் அரிப்பு: கண் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. மூன்று ஆண்டுகளாகப் பங்குனி பிறந்ததுமே இரண்டு கண்களும் சிவந்து ஓயாமல் அரிக்கின்றன. காலையில் நூல் நூலாகப் பீளை வருகிறது. மருந்துக் கடையில் கொடுக்கும் சொட்டு மருந்தை விட்டால் இரண்டே நாளில் சரியாகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. இது ‘மெட்ராஸ் ஐ’தானா? அதே மருந்தைத் தொடரலாமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், இது வெர்னல் எனப்படும் ஒவ்வாமைக் கண் அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மெட்ராஸ் ஐ தொற்றிப் பரவும், ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்புவதும் அரிப்பே பெருந்தொல்லையாக இருப்பதும் ஒவ்வாமையின் இயல்பு. வெப்பமும் வறட்சியும் மிகுந்த பகுதிகளில் சிறுவர்களுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு, இது கூடுதலாக வருகிறது. பெரும்பாலோருக்குப் பருவ வயதைக் கடந்ததும் அடங்கிவிடும். மற்றவருக்கு ஒட்டாது என்பதால் பள்ளிக்குத் தயங்காமல் அனுப்பலாம்.

எனக்குக் கவலை தருவது அந்தச் சொட்டு மருந்துதான். புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கிருமிக்கொல்லியோடு கலந்தும் இவை விற்கப்படுவதால், சிறிய எழுத்தில் உள்ளதையும் விடாமல் படிக்க வேண்டும். இவை ஸ்டீராய்டுகள். அரிப்பை விரைவாக அடக்கும் இவற்றை மாதக்கணக்கில் விட்டுவந்தால், வலியோ சிவப்போ இல்லாமலே கண்ணின் உள் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு பாழாகலாம். சிறு வயதிலேயே கண்புரையும் வரலாம். இப்படிப் பார்வை நரம்பு பாழாகும் குளோகோமாவால் போன பார்வையை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது. ஆகவே அந்தப் புட்டியோடு மகனை இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, கண் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

ஒலோபட்டடின் போன்ற ஒவ்வாமைத் தடுப்புச் சொட்டு மருந்துகளைப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பிருந்தே மருத்துவர் சொல்லும் அளவில் விட்டுவந்தால், பல பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு தேவைப்படுவதே இல்லை. தேவைப்பட்டாலும், மருத்துவரின் கண்காணிப்பில் சில நாட்களுக்கு மட்டுமே விட வேண்டும். கடுமையான நிலைக்கு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகிய ஸ்டீராய்டு அல்லாத மருந்துகள் உள்ளன.

கண்ணைக் கசக்க விடாதீர்கள். கசக்கக் கசக்க அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் மேலும் சுரக்கும். ஆண்டுக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்தள்ளும் கெரட்டோகோனஸ் வரக்கூடும். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைச் சில நிமிடங்கள் மூடிய இமைமேல் வைத்தாலே அரிப்பு நன்கு குறையும். வெயிலில் தொப்பியும் குளிர்கண்ணாடியும் உதவும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வலியோடு கண்ணை இறுக மூடிக்கொண்டால், கருவிழியில் புண் வந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: கண் அரிப்புக்கு நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். பூவோடு வரும் மகரந்தமும் கிருமிகளும் ஏற்கெனவே புண்பட்ட கண்ணுக்குக் கேடு செய்யும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.