எண்ணெய் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: கோட்டையூரில் வீட்டிலேயே தேன்குழல், சீப்புச் சீடை சுட்டு விற்கிறேன். காரைக்குடி மொத்தக் கடையில் 'வெளிநாட்டு சூரியகாந்தி எண்ணெய்' என்று 15 லிட்டர் டின் இரண்டு வாங்கினேன். பிரிட்ஜில் வைத்தால் வெள்ளையாக உறைகிறது. பாமாயில் கலப்பு என்கிறார்கள். கடைக்காரரோ, "கப்பல்ல வந்த சரக்கு, எனக்கென்ன தெரியும்" என்கிறார். நான் வியாபாரம் செய்வதால் நுகர்வோர் வழக்குப் போட முடியாதாமே?

பதில்: போடலாம் அம்மா. வணிகத்துக்காக வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது, சரிதான். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை விலக்கவில்லை. நீங்களே அடுப்படியில் நிற்கிறீர்கள். மருமகள் கூடமாட உதவினாலும் குற்றமில்லை. பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஊர் ஊராக அனுப்பினால்தான் சிக்கல். 'இதுதான் என் பிழைப்பு, நானேதான் சுடுகிறேன்' என்று மனுவின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். அதை எழுத மறந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

கப்பல் கதையை விடுங்கள். இறக்குமதி செய்தவர், டின்னில் அடைத்தவர், விற்றவர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். பெயரும் முகவரியும் டின்னிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது தனிக் குற்றம்.

இனி கடைக்காரர் "பழைய டின்னைக் கொடுங்க, புதுசு தர்றேன்" என்பார். கொடுத்தால் சாட்சியம் போச்சு. 'முழுத் திருப்தி' என்று எழுதிய தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். அப்புறம், "லேப் ரிப்போர்ட் வாங்கித் தர்றேன், வர்றதுல பாதி எனக்கு" என்று ஒருவர் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு மனுக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

உறைந்தது சந்தேகத்துக்குத்தான் ஆகும், நிரூபணத்துக்கு ஆகாது. கடலை எண்ணெய்கூடப் பிரிட்ஜில் கெட்டியாகும். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தச் செலவை உங்களைக் கட்டச் சொல்லலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கவும் வழியுண்டு. ஆனால் பரிசோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டுமாம்! திருடனிடம் தேதி சொல்லிவிட்டுப் போகிற கதை. ஆய்வு தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாவுக்கு அது தெரியாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால் வாங்கிய 2 ஆண்டுக்குள் மனு. பில் துண்டுச் சீட்டுதான் என்றால் ஜிபே பதிவை எடுத்து வையுங்கள். இரண்டாவது டின் சீல் உடையாமல் இருந்தால், தீபாவளிப் பலகாரமே நின்றாலும் அதைத் திறக்காதீர்கள்.