ஒற்றைப் பாலிமர் சங்கிலியை இழுத்துப் பார்ப்பது: கேள்வி பதில்

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. மின்னூட்டம் உள்ள அத்தகைய சங்கிலியை ஒற்றையாகப் பிடித்து அளப்பது பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பாளையங்கோட்டை மாணவி: அண்ணாச்சி, கண்ணுக்கே தெரியாத சங்கிலியை எதைக் கொண்டு இழுக்கிறீர்கள்?

அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டுதான்மா. 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் கொண்டுவந்த கருவி. கேன்டிலீவர் என்ற மெல்லிய பட்டையின் நுனியில் ஓர் ஊசி இருக்கும். சங்கிலியின் ஒரு முனை அந்த ஊசியில், மீதி காக்காப்பொன் (மைக்கா) தகட்டில் ஒட்டிக் கிடக்கும். ஊசியைத் தூக்கினால் பட்டை வளையும். மென்மையான பட்டை 50 பிகோநியூட்டன் (ஒரு பிகோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) விசைக்கு 5 நானோமீட்டர் வளையும். லேசர் ஒளி அதைக் காட்டிவிடும்.

திசையன்விளை வாசகர்: இழுக்க இழுக்க விசை ஏறாதா?

இரு முனையும் இறுகியிருந்தால் ஏறும். சங்கிலியின் விறைப்பை, விசை ஏறும் அந்த வளைகோட்டிலிருந்துதான் எடுக்கிறோம். ஒட்டிக் கிடக்கும் சங்கிலி வேறு மாதிரி. பனைமட்டையில் நார் உரித்திருப்பீர்களே, ஒரே சீரான இழுப்பில் வந்து கடைசியில் சட்டென்று கையோடு வரும். ஊசி ஏறும் தூரத்துக்கு விசையை வரைந்தால் வரைபடமும் அப்படியே: சமமாக ஓடி, ஒரே படியில் சுழிக்கு இறங்கும். அந்த மேட்டின் உயரம் ஒட்டும் விசை. நீளம், ஏறத்தாழ ஒட்டியிருந்த சங்கிலியின் நீளம்.

உவரித் தம்பி: எங்க ஊர்க் கடல் தண்ணியில செஞ்சா?

மேடு தாழும் தம்பி. தண்ணீரில் காக்காப்பொன் எதிர்மின். சங்கிலி நேர்மின் என்றால் இரண்டும் ஈர்க்கும். உப்பின் அயனிகள் நடுவில் புகுந்து அந்த ஈர்ப்பை மறைக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிமோல், அதாவது மிகக் கொஞ்ச உப்பில் மின்விசை எட்டும் தூரம் சுமார் 10 நானோமீட்டர். கடல்நீரில் அரை நானோமீட்டர்கூட இல்லை. உப்பை ஏற்றிக்கொண்டே போய், அப்போதும் மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். மின்னூட்டம் சாராத ஒட்டல் அதுதான். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

அம்பாசமுத்திரம் ஆசிரியர்: இழுபடுவது ஒரே சங்கிலி என்று எப்படி நம்புவது?

நல்ல கேள்வி சார், பலரும் சறுக்கும் இடம். இரண்டு இருந்தால் பெரும்பாலும் இரண்டு படி தெரியும். சங்கிலியை ஊசியோடு வேதிப்பிணைப்பால் கட்டிவிடுவது இன்னும் நல்லது. அந்தப் பிணைப்பு அறுபட ஆயிரம் பிகோநியூட்டன் அளவில் விசை வேண்டும். ஒட்டலைப் பிரிக்கச் சில பத்துகளே போதும். அதனால் அதே சங்கிலியை நூற்றுக்கணக்கான தடவை இழுக்கலாம்.

அப்புறம், வெறும் ஊசியை முதலில் இறக்கிப் பாருங்கள். நான் ஆரம்பத்தில் அதைச் செய்யவில்லை. ஒரு மாதம் கழித்துச் செய்தபோது, சங்கிலியே இல்லாத ஊசியிலும் அதே மேடு! கண்ணாடிக் கிண்ணத்தில் பழைய பாலிமர் ஒட்டியிருந்தது. அந்த மாத அளவீடு முழுவதையும் தள்ளிவிட்டேன்.

மேலப்பாளையம் வாசகர்: பட்டையின் விறைப்பு பெட்டியிலேயே போட்டிருக்கிறதே, போதாதா?

போதாது, அது தோராயம்தான். ஒவ்வொரு பட்டையும் வெப்பத்தில் தானாக நடுங்கும். அந்த நடுக்கத்தை அளந்து விறைப்பை நீங்களே கணக்கிடுங்கள், ஒவ்வொரு முறையும்.