கன்னி பூஜைக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கொடுங்கையூரில் இருக்கிறோம். கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். 9 வருஷமாக மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறார். எங்கள் பஜனைக் குழுவில் 40 குடும்பம். இந்த வருஷம் என் 11 வயசுப் பையன் கன்னிசாமி, முதல் தடவை மலைக்குப் போகிறான். போன கார்த்திகையில் பக்கத்துத் தெருக்காரர் தன் மகனின் கன்னி பூஜைக்கு 400 பேருக்கு இலை போட்டார். டிரம்ஸ், மேடை, ஃப்ளெக்ஸ் எல்லாம் உண்டு. அன்றிலிருந்து குழுவில் அதே பேச்சுதான். வாட்ஸ்அப்பில் ஒருவர் "எனக்கு 22வது மலை" என்கிறார். இன்னொருவர் எருமேலியிலிருந்து காட்டு வழியாகப் போகும் பெரிய பாதையில் நடந்த போட்டோ போடுகிறார். வேறொருவர் மாலையில் தங்க டாலர் கோத்திருக்கிறார். நானும் வாய் சும்மா இல்லாமல், எங்கள் வீட்டில் 300 பேருக்குச் சாப்பாடு என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன். இப்போது கணவர் என் நகையில் நாலு சவரனை அடகு வைக்கலாம் என்கிறார். சின்னதாகச் செய்தால் சாமி குத்தம் ஆகுமா? குழுவில் எங்களை மதிப்பார்களா?
- பெயர் வேண்டாம்

பதில்: சாமி குத்தம் எதுவும் ஆகாது. கன்னிசாமியிடம் விரதம் கேட்பது கொஞ்சம்தான். பல வருஷம் மலைக்குப் போன மூத்த சாமியான குருசாமி கையால் மாலை, 41 நாள் காலையும் மாலையும் குளியல், சரணம், செருப்பில்லாத கால், தரையில் படுக்கை, கடைசியில் இருமுடி. கன்னி பூஜை என்பது வீட்டில் ஐயப்பன் படம் வைத்து விளக்கேற்றி, சாமிகளை அழைத்துச் சரணம் சொல்லி, நம்மால் முடிந்ததைப் பரிமாறுவது. இத்தனை இலை விழவேண்டும் என்று அதில் எந்தக் கணக்கும் கிடையாது. டிரம்ஸும் மேடையும் கல்யாண ரிசப்ஷனிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை.

கறுப்பு வேட்டி கட்டி, எல்லோரையும் சாமி என்று கூப்பிடுகிற இடத்தில் இவ்வளவு பெருமையடிப்பு எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சமத்துவம்தான் காரணம். டிரெய்லர் டிரைவரும் டிரெய்லர் ஓனரும் ஒரே வேட்டி, ஒரே பாய். எருமேலியில் பேட்டை துள்ளி ஆடும்போது முகத்தில் பூசிய சாயத்தில் யாரையும் அடையாளம் தெரியாது. சம்பளத்தையும் வீட்டையும் காட்ட வழியில்லாத இடத்தில், எத்தனாவது மலை, எந்தப் பாதை, எத்தனை இலை என்பவைதான் காட்டிக்கொள்ள மிஞ்சுகின்றன.

இந்தப் பெருமைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கேட்டுவிட்டுப் போய்விடலாம். 22வது மலை, பெரிய பாதை, தங்க டாலர் எல்லாம் அந்த ரகம். சொல்பவருக்குச் சந்தோஷம், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. மலைக் கணக்குக்கு ஒரு பழைய மரியாதையும் இருக்கிறது. 18 மலை முடித்தவர் தென்னங்கன்று கொண்டுபோய் வைப்பதும், குருசாமியாக நின்று மற்றவர்களுக்கு இருமுடி கட்டுவதும் வழக்கம். அவ்வளவு வருஷம் போனவருக்கு அழுதா ஆற்றில் எங்கே கால் வழுக்கும், கரிமலை ஏற்றத்தில் எங்கே மூச்சு வாங்கும் என்பது தெரியும். உங்கள் பையனை அழைத்துப் போக அப்படி ஒருவர் வேண்டும். ஆகவே அவரை எண்ணிக்கொண்டே இருக்க விடுங்கள்.

இன்னொரு ரகம் பதிலுக்குச் செலவு கேட்கும். 400 இலை அந்த ரகம். அதைப் பார்த்தவர் அடுத்த வருஷம் 300ஆவது போட்டாக வேண்டும் என்று நினைக்கிறார். கை வைக்க வேண்டியது இதில் மட்டும்தான்.

கணவரிடம் கார்த்திகை முதல் தேதிக்கு முன்பே பேசிவிடுங்கள். மாலை போட்டபிறகு வீட்டில் வாக்குவாதம் கூடாது என்று அவரும் ஒதுங்குவார், நீங்களும் அடங்கிப்போவீர்கள், நகை கடைக்குப் போய்விடும். "அந்தாளைப் பாத்து சூடு போட்டுக்கிறீங்களா" என்று ஆரம்பிக்காதீர்கள். 9 வருஷம் போயும் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்ற குறை அவருக்குள் இருக்கக்கூடும். நோட்டை எடுத்து மலைச் செலவை முதலில் எழுதுங்கள்: வேனில் இரண்டு சீட், இரண்டு இருமுடிச் சாமான், பையனுக்கு இரண்டு செட் வேட்டி துண்டு, குருதட்சிணை, வழிச் சாப்பாடு, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் கைக்காசு. கையில் இருப்பதில் இதைக் கழித்து மிஞ்சுவதுதான் பூஜைக்கான பணம். பெரும்பாலான வீடுகளில் பூஜைக்குத்தான் முதலில் தொகை பேசுகிறார்கள், பிறகு மலைக்குக் கடன் வாங்குகிறார்கள்.

அடகுக் கணக்கையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஒரு லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 2,000, வருஷத்துக்கு 24,000. இதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பேங்கில் வைத்தால் வட்டி குறையும் என்பார். குறையும்தான். ஆனால் ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த வட்டியும் அதிகம்.

அடுத்தது குருசாமி. கணவர் தனியாக அவர் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும், குழுவில் நாலு பேர் முன்னால் வேண்டாம். "எப்படிப் பண்ணலாம் குருசாமி?" என்று கேட்டால் யோசனைகள் வரிசையாக வரும், எதையும் தட்ட முடியாது. முடிவைச் சொல்லிவிட்டு ஆசி கேட்க வேண்டும்: "குருசாமி, பையனோட கன்னி பூஜையை வீட்டோட வெச்சிக்கிறோம். நம்ம குழு சாமிங்களுக்கு மட்டும் சாப்பாடு. தேதி நீங்கதான் சொல்லணும், நீங்கதான் வந்து நடத்திக் குடுக்கணும்." வெற்றிலை பாக்கு, பழத்தோடு போய் இதைச் சொல்கிறவரிடம் இலைக் கணக்கு கேட்கும் குருசாமி அபூர்வம். கேட்டாரென்றால், பையனுக்கு மாலை போட வேறு குருசாமியைப் பார்க்கலாம்.

குழு சாமிகளும் நெருங்கிய சொந்தமும் சேர்ந்தால் 100 பேர் வருவார்கள். 100 பேருக்குச் சாம்பார் சாதத்துக்கு 6 கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ துவரம்பருப்பு, 6 கிலோ காய். தயிர் சாதத்துக்கு 4 கிலோ அரிசி. சர்க்கரைப் பொங்கலுக்கு 2 கிலோ பச்சரிசி, அரைக் கிலோ பாசிப்பருப்பு, 4 கிலோ வெல்லம். தொட்டுக்கொள்ள 8 கிலோ உருளைக்கிழங்கு. வெங்காயம், பூண்டு பல குழுக்களில் சேர்ப்பதில்லை, உங்கள் குழு வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பார் சாதம் ஆற ஆற இறுகும், பக்கத்து அடுப்பில் வெந்நீர் தயாராக இருக்கட்டும். தயிர் சாதத்தில் சாயங்காலமே தயிரை ஊற்றிவிட்டால் பஜனை முடிவதற்குள் புளித்துப்போகும். சாதத்தைப் பாலில் குழைத்து வைத்துக்கொண்டு, பந்திக்குக் கொஞ்சம் முன்னால் தயிர் சேருங்கள். இதற்கு இரண்டு அண்டாவும் தெரிந்த ஒரு மாஸ்டரும் போதும், கேட்டரிங் தேவையில்லை.

மழையையும் மறக்கக்கூடாது. கார்த்திகை நம் பக்கத்தில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டையெல்லாம் தண்ணீரில் நின்றன. தெருவில் ஷாமியானா போட்டு 300 பேருக்குச் சமைத்தபின் ஒரு மழை பெய்தால் அண்டா அண்டாவாகக் கொட்ட வேண்டியதுதான். 100 பேர் என்றால் வீடு, மொட்டை மாடி, எதிர் வீட்டுத் திண்ணை என்று ஒப்பேற்றிவிடலாம். ஸ்பீக்கர் வைத்தால் ராத்திரி 10 மணியோடு நிறுத்துங்கள். சட்டமும் அதுதான், டிசம்பரில் தெருப் பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சையும் இருக்கும்.

உங்கள் பூஜை நல்லபடியாக முடிந்த பிறகு, குழுவுக்கே ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கணவர் சொல்லலாம். முன்னாலேயே சொன்னால் காசில்லாமல் பேசுகிறார் என்பார்கள். அந்தந்த வருஷக் கன்னிசாமிகளுக்கெல்லாம் ஒரே நாளில் பொதுவாகப் பூஜை. வீட்டுக்கு ஒரே வரி. அதற்கு மேல் கொடுக்க ஆசைப்படுகிறவர் உண்டியலில் போடலாம். கணக்கு வாசிக்கும்போது மொத்தம் மட்டும், பெயர் கூடாது. கூடுதலாகக் கொடுத்தவர் முதல் மரியாதை கேட்பார், இந்த மாதிரி ஏற்பாடுகள் உடைவது அங்கேதான். யார் பையனுக்கு முதல் மாலை, யார் கையில் முதல் ஆரத்தி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். யாராவது முகம் சுளித்தால், சபரிமலையின் தலைமைப் பூசாரியான மேல்சாந்தியையே ஒவ்வொரு வருஷமும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள், பந்தளம் அரண்மனையிலிருந்து வரும் பிள்ளைதான் சீட்டை எடுக்கிறது என்று சொல்லுங்கள். எவ்வளவு செய்தாலும் மனம் அடங்காதவருக்குப் பெயர் போடாமல் இரண்டு மூட்டை அரிசி வாங்கித் தரச் சொல்லலாம். பெயர் இல்லை என்றதும் எத்தனை கை கீழே இறங்குகிறது என்று அப்போது தெரியும்.

வாட்ஸ்அப்பில் வரும் பெருமைக்கு "சாமி சரணம்" என்று ஒரு வரி போதும். எதிர்ப் படம் போடாதீர்கள். "கடன் வாங்கித்தானே இதெல்லாம்" என்று குத்தவும் வேண்டாம், அவர்கள் வீட்டு அடகுச் சீட்டு நமக்கெதற்கு? குழுவை விட்டு விலகுவதும் சரியில்லை, பையன் மலை ஏறும்போது உடன் வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

பையன் ஏற்கெனவே ஸ்கூலில் "எங்க வீட்ல டிரம்ஸ்" என்று சொல்லியிருப்பான். அவனிடம் சரங்குத்திக் கதையைச் சொல்லுங்கள். மலைப் பாதையில் கன்னிசாமிகள் சரம், அதாவது மர அம்பு, குத்திவிட்டுப் போகும் இடம் அது. கன்னிசாமி ஒருவர்கூட மலைக்கு வராத வருஷம் உன்னை மணப்பேன் என்று மாளிகைப்புறத்தம்மனுக்கு ஐயப்பன் வாக்குக் கொடுத்திருக்கிறார். மகரவிளக்கு முடிந்ததும் அம்மன் சரங்குத்திவரை ஊர்வலமாக வந்து, கன்னிசாமிகள் குத்திவிட்டுப் போன சரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். அவள் வந்து பார்ப்பது 22வது மலைக்காரரின் சரத்தை அல்ல, உங்கள் பையன் குத்தப்போகிற சரத்தை.

நெய்த்தேங்காய் வேலையையும் அவன் கையில் கொடுங்கள். நார் இல்லாமல் தேய்த்து வழவழப்பாக்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து இளநீரை வடித்து, உள்ளே ஈரம் போகக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நெய் வாடை அடிக்கும். நெய்யை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இருமுடி கட்டும்போது குருசாமி முன்னால் சரணம் சொல்லி ஊற்றுவான். சூடாக ஊற்றினால் கார்க் நெகிழ்ந்து கசியும், இருமுடியின் முன்பக்க முடி முழுக்க நெய்யாகும். மூடிய பிறகு உள்ளே இருப்பது எந்த விலை நெய் என்று சந்நிதானத்தில் யாரும் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், வேறு யார் மூலமாகவும் தெரியக்கூடாது: "அக்கா, 300 பேருன்னு சொன்னேன்ல, கணக்குப் பாத்தோம், கட்டுப்படியாவல. நம்ம சாமிங்களோட முடிச்சுக்கிறோம். நீங்க முன்னாடியே வந்து கூடமாட நிக்கணும்." ஒரு வாரம் பேசுவார்கள், அதற்குள் வேறு வீட்டுச் செய்தி வந்துவிடும். கணவர் டிரம்ஸுக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். ஷாமியானாக்காரரிடம் கொடுத்திருந்தால் கேட்டுப் பாருங்கள், தை மாதம் வேறு விசேஷத்துக்குக் கழித்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.