குடத்துச் சத்தம் எங்க போச்சு?

கேள்வி (தக்கலை வாசகர்): அண்ணே, நான் ஒரு வில்லுப்பாட்டு பைத்தியம். கோவில் கொடையில ரெக்கார்டு பண்ணுன கேசட்டு வீட்டுல குவிஞ்சு கெடக்கு. இவ்வளவு நாளும் சின்ன சிக்னலைத் தயார் பண்ணுற வால்வு (பழைய கண்ணாடிக் குழாய்) ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டுற வால்வு பவர் ஆம்ப்னு ஜோடியா ஓடிச்சு. போன மாசம் பவர் ஆம்ப்ல டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சு, புதுசா சுத்துறதுக்குக் கேட்ட காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் டிரான்சிஸ்டர் பவர் ஆம்பே வாங்கிட்டேன். சத்தம் கொறையல, பாட்டும் தெளிவாத்தான் இருக்கு, ஆனா குடம் அடிக்கிற அந்த 'தும்'மைக் காணோம், 'டக் டக்'னு டப்பாவைத் தட்டுன மாதிரி கேக்கு. வால்வும் டிரான்சிஸ்டரும் சேராதுன்னு கடைக்காரர் சொல்லுதாரு. நெசமா?

பதில்: நல்லா சேரும் தம்பி, எங்க வீட்டுலயே ரொம்ப வருஷமா அப்படித்தான் ஓடுது. ஆம்பைத் திருப்பிக் குடுத்துராதீங்க. நீங்க அனுப்புன ப்ரீஆம்ப் சர்க்யூட்டைப் பாத்தேன், கடைசி ஸ்டேஜ் 12ஏயு7 வால்வுல கேத்தோடு ஃபாலோயர் (சிக்னலைப் பெருக்காம, அடுத்த ஆம்பை ஓட்டத் தெம்பு குடுக்கிற ஸ்டேஜ்), அதுல இருந்து 0.22 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியா சிக்னல் வெளிய வருது. வால்வுக்குள்ள நூத்துக்கணக்கான வோல்ட் டிசி (ஆடாம நிக்குற வோல்டேஜ்) நிக்கும்லா, அது பவர் ஆம்புக்குள்ள பாயாம தடுக்கத்தான் அந்தக் கப்பாசிட்டர், ஆனா அது டிசியை மட்டும் தடுக்காது, எதுத்தாப்புல இருக்க ஆம்போட இன்புட் இம்பிடன்ஸ் (வாற சிக்னலுக்கு அது காட்டுற தடை, ஓம்ல அளப்பாவ) கொறைஞ்சா கீழ்ச்சுருதியையும் சேத்துத் தின்னுரும். எந்த இடத்துல தின்ன ஆரம்பிக்கும்னு நீங்களே கணக்கு போடலாம், 1,59,000-ஐ ஓமும் மைக்ரோஃபாரடும் பெருக்கி வாற நம்பரால வகுத்தா ஹெர்ட்ஸ் வந்துரும். உங்க பழைய வால்வு ஆம்புக்கு இன்புட் 100 கிலோ ஓம், அதுக்கு 7 ஹெர்ட்ஸ்தான் வருது, காதுக்கே எட்டாத எடம். புது ஆம்புக்குப் பின்னாடி 10 கிலோ ஓம்னு எழுதியிருக்குன்னு சொல்லுதிய, இப்ப 72 ஹெர்ட்ஸ் ஆயிருச்சு. குடத்து வாயில மட்டையால அடிக்கும்போது வயித்துல வந்து முட்டுமே, அது கெடக்கதே இந்தக் கீழ்ச்சுருதியிலதான், பெறவு எங்க இருந்து கேக்கும்?

அந்த 0.22-ஐக் கழத்திட்டு 2.2 மைக்ரோஃபாரட் போடுங்க, கணக்கு பழையபடி 7 ஹெர்ட்ஸுக்கு வந்துரும். பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கப்பாசிட்டரா, 400 வோல்ட் ரேட்டிங்கா பாத்து வாங்குங்க, சைஸ் பெரிசா இருக்கும், பெட்டிக்குள்ள எடம் இருக்கான்னு மொதல்ல அளந்துக்கிடுங்க. எலக்ட்ரோலைட்டிக் மலிவுன்னு போட்டுராதீங்க, அது லீக் ஆகும். அவுட்புட் ஜாக்குக்கும் எர்த்துக்கும் நடுவுல 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இல்லன்னா அதையும் வச்சிருங்க. ஆஃப் பண்ணுன பெறவும் உள்ள இருக்க பெரிய கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், மீட்டர் வச்சு வோல்டேஜ் எறங்கிட்டான்னு பாக்காம கைய விடாதீங்க, பழக்கமில்லன்னா தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுத்துருங்க.

கடைக்காரர் சொன்னதுலயும் கொஞ்சம் நெசம் உண்டு. சில ப்ரீஆம்ப்ல ஃபாலோயரே இருக்காது, 12ஏஎக்ஸ்7ங்கிற வால்வோட ஆனோடுல (சிக்னல் பெருகி வெளிய வாற முனை) இருந்தே நேரா எடுத்திருப்பாவ, அதோட அவுட்புட் இம்பிடன்ஸ் 40 கிலோ ஓம் பக்கம் வரும், 10 கிலோ ஓம் ஆம்புல மாட்டுனா அஞ்சுல ஒரு பங்குதான் மிஞ்சும், அதுவும் பிசிறடிச்சு. பின்னாடி நிக்குற ஆம்போட இன்புட், ப்ரீஆம்ப் அவுட்புட்டை விட பத்து மடங்காவது இருக்கணும். உங்களுக்கு ஃபாலோயர் இருக்கதால அந்தத் தொல்லை இல்ல.

கேள்வி (குளச்சல் வாசகர்): எனக்கும் இதே ஜோடிதான். சுவிட்ச் போட்டதும் ஸ்பீக்கர்ல 'டம்'னு ஒரு அடி, நெஞ்சே பதறுது. இப்ப ஒரு பக்கம் கரகரன்னும் கேக்கு.

பதில்: ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஒரே சுவிட்ச்சுல போடுதியளா? அதான். வால்வு சூடாகி நிலைக்கு வர அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள ஆடுற வோல்டேஜ் எல்லாம் கப்பாசிட்டரைத் தாண்டி ஒரு தள்ளு தள்ளும், பவர் ஆம்ப் முழிச்சிருந்தா அதை அப்படியே பெருக்கி ஊஃபர் (கீழ்ச்சுருதி ஸ்பீக்கர்) தலையில போடும். ப்ரீஆம்பை முதல்ல போட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதல்ல. நம்ம ஊருல ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, கரண்ட் போய்ப் போய் வரும், அப்படிப் போன ஒடனே பவர் ஆம்ப் சுவிட்ச்சைக் கையோட அணைச்சிருங்க, இல்லன்னா திரும்பி வரும்போது ரெண்டும் ஒண்ணா எந்திரிச்சு அதே அடி. தக்கலைத் தம்பியும் கேட்டுக்கிடுங்க, கப்பாசிட்டரைப் பெரிசாக்குனா இந்த அடியும் பெரிசாகும்.

கரகரப்புக்கு, கடலு பக்கத்துல இருக்கதால மொதல்ல ஆர்சிஏ ஜாக்கை (ரெண்டு ஆம்பையும் இணைக்கிற வயரோட முனை) கழத்திப் பாருங்க. பச்சையா பூத்திருந்தா அதுதான் ஆளு. வால்வு ஆறின பெறவு உருவி, காலையும் சாக்கெட்டையும் கான்டாக்ட் கிளீனர் அடிச்சுத் தொடச்சு, ரெண்டு மூணு தடவை சொருகி எடுங்க. அப்பவும் போகலன்னா ரெண்டு பக்கத்து வால்வையும் மாத்திச் சொருகுங்க, கரகரப்பு அடுத்த பக்கம் போச்சுன்னா வால்வுதான் வாங்கணும்.