காலை விறைத்துக்கொண்டால் தள்ளாட்டம் நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 62. தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினால் உடம்பு ஆடுகிறது. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் கால்விரல்களைத் தரையில் ஊன்றி, கால்களை விறைத்துக்கொண்டு நிற்கிறேன். இது சரியா?

பதில்: பயம் வந்தால் எல்லோரும் செய்வதுதான். ஆனால் பலன் குறைவு.

நிற்கும்போது உடல் எடை கணுக்காலுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. முன்னே சாயாமல் பிடிப்பது கெண்டைக்கால் தசை. முழங்காலுக்குக் கீழே முன்புறம் உள்ள தசைக்கு அப்போது அநேகமாக வேலையே இல்லை. கெண்டையை எவ்வளவு இறுக்கினாலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அதனால் கணுக்காலின் விறைப்பு மட்டும் உடலைத் தாங்கப் போதாது. மீதியை மூளை பார்த்துக்கொள்கிறது: நொடிக்கு இரண்டு மூன்று முறை கெண்டையை லேசாக இழுத்துத் தளர்த்துகிறது. நிற்கும் எவருக்கும் இருக்கும் மெல்லிய ஆட்டம் இதனால்தான்.

முன்தசையும் பின்தசையும் ஒருசேர இறுகினால் மூட்டு விறைக்கும். வழுக்கும் தரையிலும், கையில் கனத்த அண்டாவோடு நடக்கும்போதும் அது தேவைதான். சும்மா நிற்கையில் முன்தசை கெண்டைக்கு எதிராக இழுக்கிறது. கால் சீக்கிரம் அசந்துபோகும், சின்ன ஆட்டங்களைத் தசை உணர்வதும் கடினமாகும்.

நீங்களே சோதிக்கலாம். வெறுங்காலோடு சமையல் மேடையை ஒட்டி நின்று பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்குங்கள். கணுக்காலின் முன்புறம், உள்பக்கமாக முன்தசையின் நாண் கயிறு மாதிரி புடைக்கும். பாதத்தை இறக்கியபின் அது அடங்க வேண்டும். அடங்காமல், விரல்களும் தரையைக் கவ்வினால் தேவையில்லாமல் இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, முழங்காலைப் பின்னால் பூட்டாமல் நில்லுங்கள். குதிகால் லேசாகும்வரை முன்னே சாய்ந்து திரும்புங்கள், 10 முறை. பிறகு மேடையை ஒரு விரலால் தொட்டபடி 20 விநாடி கண்ணை மூடுங்கள். விரலில் 100 கிராம் அழுத்தம்கூட வேண்டாம். அது தாங்குவதற்கல்ல, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்ல. எளிதானதும் பாதங்களைச் சேர்த்து வையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 வீதம் 3 சுற்று.

குளியலறையில் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். அங்கே சுவரில் கை வையுங்கள், அல்லது ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பாதம் மரத்திருந்தாலோ, நடக்கும்போது பஞ்சில் மிதிப்பதுபோல் இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயும் பி12 குறைபாடும் பாத நரம்புகளைப் பாதிக்கும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு.