பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அரசு சொன்னதும் இயற்கை ஆர்வலர்களே இரண்டாகப் பிரிந்தது ஏன்? இதில் உண்மையான ஆர்வலர் யார்?

இரண்டு தரப்பும் உண்மையானவர்கள்தான். இரண்டு தரப்பிலும் எனக்கு நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் கொங்குப் பக்கம் ‘காடு’ என்றால் மானாவாரி நிலம். ‘காட்டுக்குப் போறேன்’ என்று அப்பா கிளம்பினால் மக்காச்சோளத்துக்குப் போகிறார் என்று பொருள். யானையும் சிறுத்தையும் இருப்பதை மலை என்றோ வனம் என்றோதான் சொல்வோம். அந்தக் காடு எங்கே முடிகிறது, இந்த வனம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சண்டையே.

2025 ஜனவரியில் தமிழக அரசு சொன்னது இது: வன எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் கூண்டு வைத்துப் பிடித்து வனத்தில் விட வேண்டும். அதற்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். உடுமலைக்கு மேற்கே இருக்கும் எங்கள் தோட்டம் மலையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். ஆக, எங்களுக்குக் கூண்டு.

குளங்களில் என்னோடு பறவைக் கணக்கெடுப்புக்கு வரும் நண்பர் ஒருவர் இதை அடியோடு எதிர்க்கிறார். பன்றி சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. அதைக் குறைத்தால் சிறுத்தை நேராக ஆட்டுப்பட்டிக்குத்தான் வரும் என்கிறார். ஒரு உயிருக்குத் துப்பாக்கியை அனுமதித்துவிட்டால் அடுத்து மயிலைக் கேட்பார்கள் என்ற பயமும் அவருக்கு உண்டு. அந்தப் பயம் வீணானது இல்லை. மயில் தொல்லை பற்றிப் பேசாத விவசாயிகள் கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

யானைகளுக்காகப் பல வருஷம் அலைந்த இன்னொரு தோழி இதை ஆதரிக்கிறார். காரணம் அவுட்டுக்காய். பழத்துக்குள் வெடிமருந்தை வைத்துப் பன்றி வரும் தடத்தில் போடுவார்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்துவிடும். வாய் சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் நின்று சாகும். கோவை வனப்பகுதியில் இப்படிச் செத்த யானைகள் உண்டு. சட்டப்படி ஒரு வழி இருந்தால் திருட்டு வழிக்குப் போகிறவர்கள் குறைவார்கள் என்பது அவர் வாதம். பாலக்காட்டுப் பக்கம் 2022 முதலே ஊராட்சித் தலைவர் அனுமதி கொடுக்கலாமே என்றும் கேட்கிறார். நான் இவர் பக்கம். ஆனால் சுடுவது வனத்துறையாகவே இருக்க வேண்டும். ஊரார் கையில் துப்பாக்கி கொடுப்பதை ஏற்க மாட்டேன்.

பன்றி விஷயத்தில் கேள்வி எத்தனை உயிர் என்பது. ஒரே ஒரு உயிர் என்று வந்தால் பிளவு இன்னும் ஆழமாகிவிடும். 2019-இல் சின்னத்தம்பி யானையைக் கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பகுதியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, டாப்சிலிப் பக்கம் வரகளியாறில் விட்டார்கள். சில நாளிலேயே மலையிறங்கி மடத்துக்குளம் பக்கம் கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலைக்கு வந்து, கரும்புக்காட்டில் நின்றுகொண்டான். நானும் போய்ப் பார்த்தேன். எங்கள் மாமன் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, “சீக்கிரம் புடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க சாமி” என்றார். அதே கூட்டத்தில், அவனைப் பழக்கி முகாமில் வேலை செய்யும் கும்கியாக்காதே என்று அழுதவர்களும் இருந்தார்கள். வெளியே விட்டால் யாராவது வேலியில் மின்சாரம் வைத்துக் கொன்றுவிடுவார்கள், முகாமிலாவது உயிரோடு இருக்கட்டும் என்றார்கள் வேறு சிலர். பிப்ரவரியில் உயர்நீதிமன்ற உத்தரவோடு பிடித்தார்கள். பிறகு அவன் கும்கியானான்.

அன்று எனக்குச் சரியாகப் பட்டது மூன்றாவது குரல். அவன் ஏன் இறங்கினான், தடாகத்தில் யானைத் தடத்தை மறித்தது யார் என்று கேட்டவர்கள் அவர்கள். செம்மண் தோண்டிய செங்கல் சூளைகள் அங்கே 2021 வரை ஓடின.

சத்தியமங்கலம் வனத்துக்குள் மலையேறும் திம்பம் சாலையில் 2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவால் நடைமுறைக்கு வந்த இரவு வாகனத் தடையை மட்டும் நான் முழுதாக ஆதரிக்கிறேன். அந்தச் சாலைக்கு மேலே தாளவாடியில் காய்கறி விளைவிக்கும் சொந்தக்காரர்கள் என்னோடு கோபமாகத்தான் இருக்கிறார்கள். நேரம் தவறினால் தக்காளி லாரி சோதனைச் சாவடியில் விடியும்வரை நிற்கிறது. அந்த நட்டம் அவர்கள் தலையில். அதை அரசுதான் ஏற்க வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலும் நான் சொல்லாமல் வருவதில்லை. தடையை எடுக்கச் சொல்லமாட்டேன். இரவில் அந்த 27 வளைவுகளும் விலங்குகளுக்கு உரியவை.

போன பட்டத்தில் அந்தப் பறவை நண்பரை எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, அழைத்தேன். அப்பாவோடு விடியவிடியக் கண்விழித்துத் தகரம் தட்டினார். அப்படியும் ஒரு மூலையில் பன்றிகள் சோளத்தட்டைச் சாய்த்துக் கருதைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. காலையில் அவர் கருத்து மாறவில்லை. பன்றியைச் சுடக்கூடாது என்றேதான் சொன்னார். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவின் இழப்பீட்டு மனுவை அவரே எழுதினார். வனத்துறை அலுவலகத்துக்கும் அவரே கூடப் போனார்.